பிடித்தவன் பெயர் எங்கே?

கபடி ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது எல்லார் வாயிலும் புழங்குவது யார் பெயர்? பாடிச் சென்று தொட்டு வந்தவன் பெயர்தான். அவனைக் கணுக்காலில் பற்றி மண்ணில் சாய்த்தவனுக்கு அந்த நேரத்துக் கைதட்டல் ஒன்றே கூலி. எங்கள் ஓரிக்கையில் பொங்கலுக்கு நடக்கும் ஆட்டத்திலும் இதே கதைதான். நான் இடது கார்னரில் நிற்பவன்; "இது உன் சொந்த வழக்கு" என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பதே கேள்வி.

2014இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகள் நம் ஆட்டத்துக்கு முறையான கணக்கேடு ஒன்றைத் தந்தன. அதைப் புரட்டிப் பார்த்தால், 2017இல் பர்தீப் நர்வால் ஒரே பருவத்தில் எடுத்த ரெய்டுப் புள்ளிகள் 369. அரியானா அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 34! அடுத்த பருவத்தில் நிதேஷ் குமார் பிடித்துப் பெற்ற புள்ளிகள் 100. ஒரே பருவத்தில் நூறைத் தொட்ட முதல் பிடிப்பாளர் அவரே. 369 எங்கே, 100 எங்கே என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் ரெய்டர் ஒரே மூச்சில் மூவரைத் தொட்டால் மூன்று புள்ளி. போனஸ் கோட்டைத் தாண்டினால் அதற்கும் ஒன்று. பிடிப்பவருக்கோ எத்தனை வலியவனை வீழ்த்தினாலும் ஒன்றே. களத்தில் மூவரோ அதற்கும் குறைவாகவோ நிற்கையில் பிடித்தால்தான் இரண்டு. நான்கு பேர் சங்கிலியாய்ச் சேர்ந்து அமுக்கினாலும் ஏட்டில் ஏறுவது ஒருவர் பெயர். கார்னரின் நிலைகண்டு அஞ்சி ரெய்டர் வெறுங்கையோடு திரும்பினால் அதற்குப் புள்ளியே இல்லை. அன்றைய ஆட்டத்தின் பாதி வேலை அந்த அச்சத்தில்தான் நடந்திருக்கும்!

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியுமுன் எறிபவரையே வீழ்த்துவதை 'சாக்' என்பார்கள். அந்தச் சொல்லைப் பரப்பியவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர். 1961 முதல் 1974 வரை ஆடினார். ஆனால் தொழில்முறைச் சங்கம் ஒவ்வொருவரின் சாக்குகளையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982இல். ஆகவே அதிகாரபூர்வ ஏட்டில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. அதே நாட்டில் 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் அணி 16 ஆட்டங்களில் எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தது 165 புள்ளிகள்தாம். அப்பருவத்தின் வாகையும் அதற்கே கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆசிய விளையாட்டில் 1990 முதல் 2014 வரை ஆண்கள் கபடித் தங்கம் ஒவ்வொரு முறையும் நம்முடையதாக இருந்தது. 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மை வென்றது. நட்சத்திர ரெய்டர்கள் நிறைந்த அணி பதினெட்டுப் புள்ளிக்குள் அடங்கியதன் காரணம் ஈரானியரின் பிடி. அவர்களில் ஒருவரான பாசல் அத்ராச்சலிதான் பின்னர் புரோ கபடியில் பிடிப்புள்ளிகளில் 500ஐ முதலில் கடந்தவர்.

எங்கள் ஊரிலிருந்து பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். கணக்குக் காட்டாதவன் வாரியத்தில் உறுப்பினனாகக் கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஆட்டத்தின் பாதிக்கு நாம் கணக்கே வைப்பதில்லை!

செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். வரும் ஆண்டு நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே நடக்கும் கபடிப் போட்டியின் புள்ளித்தாளில் மூன்று பத்திகள் கூடுதலாகப் போடுவோம்: முதலில் பற்றியவர், துணைக்கு வந்தவர்கள், வெறுங்கையோடு திரும்பிய ரெய்டுகள். புள்ளியியல் படிக்கும் நண்பர் ஒருவர் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். தாளுக்குக் கோடு போட்டுத் தர நான் தயார்.