பழைய வண்டியும் புதிய பொறியும்

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மோறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளில் பொயின்றை நீக்கி, இலத்திரனியற் பற்றவைப்புக் கருவியைப் பொருத்துதல் தகுமோ என நண்பர் சிலர் வினவுவர். தகும் என்பதே எம் கருத்து. ஏறக்குறைய 0.015 அங்குல இடைவெளியை அடிக்கடி அளந்து திருத்தும் தொல்லை ஒழியும். பொறியும் பிசகாது எழும். அவ்வண்டிகளுட் பல பற்றறியின் நேர்முனையை உடலோடு இணைத்தவை. அதற்கேற்ற கருவியையே கொள்ளல் வேண்டும்.

எனினும் ஒன்றை மறவோம். 1990களில் எரிபொருட்டடை நிலவியபோது, இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கரி படிந்த பிளக்கைத் துடைத்து, பொயின்றைச் சிற்றரத்தால் உராய்ந்து, நடுவழியினின்றும் மீண்டோம். பொயின்ற் கெடுமுன் இடறி எச்சரிக்கும். புதிய கருவியோ சொல்லாமலே ஓயக்கூடும். ஆதலின், கழற்றிய பொயின்றையும் கண்டென்சரையும் எறியாது வண்டியிலேயே வைப்போமாக. அவற்றைப் பொருத்தும் கைப்பழக்கத்தை இளையோர்க்கும் கற்பிப்போமாக.