கறுத்த முகம் செய்த பிழை என்ன?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது, நண்பனிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் காமிராவில் என் தாயாரைப் படம் எடுத்தேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் நின்றார். படத்தில் சுவர் மங்கியிருந்தது. அம்மாவின் முகமோ கண்ணும் மூக்கும் தெரியாமல் இருண்டிருந்தது. “நான் கறுப்புதானேடா, வேற எப்படி விழும்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது.

நண்பர்களே, பிழை என் தாயின் நிறத்திலா இருக்கிறது? இல்லை, காமிராவின் கணக்கில் இருக்கிறது. காமிராவின் ஒளிமானி தன்னிடம் வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. எதிரிலுள்ள பொருள் வெள்ளையா, கறுப்பா என்பதை அது அறியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நிறத்தையே வழக்கமாக நடுச்சாம்பல் என்பர். வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்ததால், ‘வெளிச்சம் மிகுதி’ என்று கணக்கிட்டுக் காமிரா ஒளியைக் குறைத்துவிட்டது. சுவர் சாம்பலாயிற்று; முகம் இருண்டது.

இதற்கு மருந்து காமிராவிலேயே உண்டு. கூட்டல், கழித்தல் குறிகள் பொறித்த சிறு பொத்தான் அது. ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ என்பார்கள். பிளஸ் 1 என்றால், காமிரா கணித்ததைப்போல் இரு மடங்கு ஒளி. மைனஸ் 1 என்றால் பாதி. எருமையை நெருங்கிப் படம் எடுத்தால் நேர்மாறாக நிகழும். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். அங்கே மைனஸ் வேண்டும்.

சில ஸ்டூடியோக்களில் நாம் கேளாமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் நானே எனக்கு அந்நியனாகத் தெரிந்தேன். அது திருத்தமன்று, பொய். முகத்தை இருட்டடிப்பதும் தவறு, வெள்ளையடிப்பதும் தவறு. உள்ளது உள்ளபடி தெரியவே அந்தப் பொத்தான்.

எனவே, கல்லூரி விழாக்களில் படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்தவுடன் முகங்களைப் பாருங்கள். இருண்டிருந்தால் பிளஸ் வைத்து மீண்டும் எடுங்கள். முடிந்ததும் அதைச் சுழிக்குக் கொண்டுவர மறவாதீர்கள். கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல், கண்ணால் கண்டு திருத்துவதே அறிவியல் மாணவனுக்கு அழகு என்பது என் தாழ்மையான கருத்து.

அன்று பிளஸ் 1 வைத்து மறுபடியும் எடுத்தேன். சுவர் வெண்மையாயிற்று. அம்மாவின் முகம் அவருடைய சொந்த நிறத்தில், நெற்றிச் சுருக்கங்களோடு தெளிந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுதான்டா நான்” என்றார்.