சைக்கிள் டயர் யுரேனஸ்!

'விளையாடினா மார்க் வருமா?'னு வீட்ல கேட்டா, இனிமே காவலூரைக் காட்டுங்க. ஜவ்வாது மலையில வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற அதே காவலூர்தான்.

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்காகப் போயிருந்தோம். ஊர்ப் பசங்களுக்கு வானவியல் சொல்லித் தர்ற வேலை என் தலையில விழுந்தது. போர்டுல படம் போட்டேன். அஞ்சே நிமிஷம், பாதிப் பேர் கொட்டாவி! அப்போதான் ஒரு பழைய சைக்கிள் டயர் கண்ணுல பட்டது.

டயர் நடுவுல பந்தைக் கயித்துல தொங்கவிட்டோம். ஜன்னல் மேல டார்ச். ஒரு பையன் டயரைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு டார்ச்சுக்கு முன்னால மெதுவா நடக்கணும். தரையில உட்கார்ந்து ஒத்தைக் கண்ணால பார்க்கிற பொண்ணு, வெளிச்சம் மறையும்போதெல்லாம் கைதட்டணும். மத்தவங்க முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டு, என்ன போச்சுன்னு வரையணும்.

முதல் ரவுண்டுல டயரோட முன் ஓரம் கடந்ததுமே நிறுத்திட்டோம். ஒரே தட்டு. 'குச்சி', 'நிலா'ன்னு பதில்கள். அடுத்த ரவுண்டு முழுசா. ஒரு தட்டு, கொஞ்சம் அமைதி, பந்து மறைச்சப்போ படபடன்னு தட்டல், அதே அளவு அமைதி, மறுபடி ஒரு தட்டு. ஒரு வாண்டு பந்தைச் சுத்தி வட்டம் போட்டுடுச்சு!

நிஜத்துல நடந்ததும் இதுதாங்க. 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கப் போகுதுன்னு காவலூர் 1 மீட்டர் டெலஸ்கோப்போட காத்திருந்தாங்க பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னாடியே நட்சத்திரம் மங்கிச்சு. புது துணைக்கோள்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அதே ராத்திரி இந்தியப் பெருங்கடல் மேல பறந்த அமெரிக்காவின் கைப்பர் விமான ஆய்வகம், கிரகத்தோட ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா மங்கல்களைப் பதிவு பண்ணிச்சு. நிலான்னா ரெண்டு பக்கமும் அப்படி அளவெடுத்த மாதிரி வருமா? ஆக, வளையங்கள்!

"அப்போ அந்த சாருங்களும் முதல் ரவுண்டுலயே நின்னுட்டாங்களாண்ணா?" கேட்டது அதே வாண்டு. நான் ஆஃப்.

தமிழ்நாட்டுல இது புதுசில்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கின செயல்வழிக் கற்றல், அட்டையும் ஏணிப்படியுமா அப்புறம் மாநிலம் முழுக்கப் போச்சு. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எல்லாம் தொடக்கப் பள்ளியோட சரி. காலேஜ்ல கேம்னா, பிரைஸ் கொடுக்கிற க்விஸ்தான். அது வேஷம் போட்ட எக்ஸாம், பாஸ்!

எனக்கு சிக்னல்ஸ் பேப்பர்ல அரியர் இருக்கு. ஹாஸ்டல் பின்னாடி டயர் தேடிக்கிட்டிருக்கேன்.