"தம்பி, நீர் வந்து எத்தனை நாள்?"

கொழும்பிலே ஒரு கந்தோரில் லிகிதராகக் கடமையாற்றும் இளைஞரொருவர் எமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். அவருடைய பகுதியில் ஒரே விவரத்தை மூவர் மூன்று பதிவேடுகளில் எழுதுகின்றனராம். அதனை ஒரே பதிவேட்டில் அடக்கும் வழியைக் கண்டு, கட்டங்கள் கீறி, பிரதம லிகிதரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் அக்கடதாசியை விரித்தும் பார்க்கவில்லை. "தம்பி, நீர் வந்து எத்தனை நாள்?" என்று மாத்திரம் கேட்டாராம். எட்டு மாதம் என்று இவர் விடையிறுக்க, பக்கத்து மேசையிலிருந்தோர் சிரித்தனராம். இனி வாய் திறவாதிருப்பதே உத்தமமோ என்பது அவர் எம்மிடம் கேட்கும் வினா.

கடிதத்தைப் படித்து முடித்தபோது எமது மேசை விளக்கில் ஒரு மஞ்சட் கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டவும் உரிக்கவும் மீண்டும் ஒட்டவும் கூடிய அச்சிறு குறிப்புத்தாளை அறியாத மாணவர் இன்று இலர். அது கடைக்கு வருமுன் பன்னிரண்டு ஆண்டுகள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டோம்.

1968ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள திறீ எம் கம்பனியின் ஆய்வுகூடத்தில், ஸ்பென்சர் சில்வர் என்னும் இரசாயனவியலாளர் வலிமைமிக்க பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ நேர்மாறானது. நுண்ணிய உருண்டைகளாலான அப்பசை மெல்ல ஒட்டியது. இழுத்தால் அடையாளமின்றிக் கழன்றது. வேறொருவராயின் கழுவி ஊற்றியிருப்பார். சில்வருக்கோ அதனைக் கைவிட மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்காகக் கம்பனிக்குள்ளேயே பகுதி பகுதியாகச் சென்று அதன் பெருமையை விளக்கினார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள், எதற்கு உதவும் என்று வினவினார்கள். அவ்வினாவுக்கு அவரிடம் தக்க விடை இருக்கவில்லை. மேலதிகாரிகளைக் குறைகூறுமுன் இதனையும் நாம் நினைத்தல் வேண்டும். பயன் இன்னதென்று சொல்லமாட்டாதவனுக்குப் பணமும் ஆளும் கொடுப்பவர் எவர்?

அவரது பேச்சைக் கேட்டவர்களுள் ஆர்ட் பிறை என்பவரும் ஒருவர். இவர் தேவாலயப் பாடற்குழுவிற் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த கடதாசித் துண்டுகள் எழுந்து நிற்கும்போதெல்லாம் விழுந்துவிடுவது அவருக்குப் பெருந்தொல்லை. 1974இல் ஒருநாள் அத்தொல்லையும் சில்வரின் பசையும் அவர் மனத்திலே ஒன்றுசேர்ந்தன. துண்டின் ஓரத்திற் பசையைத் தடவினார். பிற்பாடு ஓர் அறிக்கையில் ஐயம் எழுந்த இடத்தில் அவ்விதத் துண்டொன்றை ஒட்டி, கேள்வி எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பினார். அவரும் அதே துண்டில் மறுமொழி எழுதித் திருப்பியனுப்பினார். எம் எண்ணத்தில் இவ்வரலாற்றின் உயிர்நாடி இதுவே. மேற்பார்வையாளரிடம் எவரும் வாதாடவில்லை. அவர் கையிற் பொருள் வந்தது, அவர் அதனைப் பயன்படுத்திவிட்டார், அவ்வளவே.

அப்படியும் தடைகள் நீங்கவில்லை. கிழித்தெறியும் கடதாசி இனாமாகக் கிடைக்கும்போது இதனைக் காசு கொடுத்து வாங்குபவர் யார் என்று விற்பனைப் பகுதியினர் கேட்டனர். நியாயமான கேள்விதான். 1977இல் நான்கு நகரங்களிற் பரீட்சார்த்தமாக விற்றபோது வாங்குவாரில்லை. அத்துடன் கோவை மூடப்பட்டிருக்கும். ஆனால் ஆய்வுகூடத் தலைவர் ஜெப் நிக்கல்சன் என்பவர் இதனை ஆரம்பமுதல் ஆதரித்தவர். கம்பனிக்குள்ளே இத்தாள்களைப் பெற்றவர்கள் தீர்ந்ததும் மீண்டும் வந்து கேட்பதை அவர் கண்டிருந்தார். விளம்பரத்தைப் பார்த்தவர் வாங்கவில்லை, கையிற் பிடித்தவர் விடவில்லை என்பது தெளிவாயிற்று. 1978இல் ஐடாகோ மாநிலத்துப் பொய்சி நகரிலே தாள்களை இனாமாக வாரி வழங்கினார்கள். பாவித்துப் பார்த்தவர்களுள் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் வாங்குவோம் என்றனர். 1980இல் அமெரிக்கா முழுவதிலும் விற்பனை தொடங்கிற்று.

அக்கம்பனியில் வேலைநேரத்தின் நூற்றுக்கு 15 வீதத்தைத் தமக்குத் தோன்றிய முயற்சியிற் செலவிட ஊழியருக்கு இடமளிக்கும் வழக்கம் உண்டு. நமது கந்தோர்களில் அவ்வழக்கத்தை எதிர்பார்ப்பது பகற்கனவு என்று வாசகர் சிலர் முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. எனினும் அங்கேயும் அது வானத்திலிருந்து விழவில்லை. 1920களில் றிச்சட் டிறூ என்னும் இளைஞர், மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுவோர்க்கு உதவும் ஒட்டுநாடாவைச் செய்ய முற்பட்டபோது, அதைவிட்டு உமது உப்புத்தாள் வேலையைப் பாரும் என்று அதே கம்பனியின் தலைமைப்பீடம் தடுத்தது. அவர் விட்டபாடில்லை. 1925இல் நாடா வெற்றி கண்டது. தடுத்தவர்களும் பாடம் படித்தார்கள்.

இனி எமது இளைஞரிடம் வருவோம். அவர் கட்டங் கீறிய கடதாசியோடு முதலிற் போனது பிரதம லிகிதரிடம். அந்த மூன்று பதிவேடுகளையும் எழுதிக் கைசோர்கின்ற மூவரிடமும் அவர் பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரிதானும் இல்லை. அம்மூவருள் ஒருவராயினும் நல்ல வழி என்று சொல்லட்டும். தமது பங்கு வேலையை மாத்திரம், விதிக்கு மாறின்றி, ஒரு மாதம் புதிய முறையிலும் எழுதிப் பார்க்கட்டும். எத்தனை மணித்தியாலம் மிஞ்சியது, எத்தனை பிழை குறைந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். அம்மூவரில் மூத்தவரே அக்கணக்கைப் பிரதம லிகிதரிடம் கொண்டுசென்றால், எத்தனை நாள் என்ற கேள்விக்கு இடமேது? யோசனை யாருடையது என்ற பெயர் சிறிது மங்கக்கூடும். அது நட்டந்தான்; அதை மறைப்பது நேர்மையன்று. பதிவேடு ஒன்றாவது வேண்டுமா, பெயர் வேண்டுமா என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும்.

பிரதம லிகிதர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை அக்கடதாசியை விரித்தாவது பாருங்கள், ஐயா. பார்த்தபின் மறுத்தாலும் அந்தப் பிள்ளை எமக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மீண்டும் எழுதுவாராயின், அதனை இப்பகுதியில் வெளியிடுவோம்.