நவீனத் திறன்களைப் பற்றிய ஆராய்ச்சி வகுப்பறைக்குள் வரவேண்டும்: காவலூரிலிருந்து ஒரு நிலைப்பாடு

கல்வியியலில் முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆராய்கின்ற மாணாக்கர் எந்தெந்த விஷயங்களை நாடிச் செல்கிறார்கள் என்பதைக் கவனித்து வருபவர்களுக்கு ஒரு போக்கு தெளிவாகவே புலப்படும். கணிப்பொறி வழிக் கற்பித்தலில் தொடங்கி, உலகச் சுகாதார ஸ்தாபனம் 1990-களில் வகுத்தளித்த பத்து வாழ்க்கைத் திறன்களுக்கு வந்து, அங்கிருந்து இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள் என்ற பெருந்தலைப்புக்குச் சென்று, கொரோனாவுக்குப் பின் இணையவழிக் கல்வியைப் பற்றிக்கொண்டு, இன்று செயற்கை நுண்ணறிவின் வாயிலில் அவ்வாராய்ச்சி வந்து நிற்கிறது. விஷயங்கள் இவ்வாறு மாறிவந்தபோதிலும், விசாரிக்கும் முறை பெரும்பாலும் பழைய வழியிலேயே செல்கிறது. காவலூரிலும் அதைச் சூழ்ந்த ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் உள்ள ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய நாங்கள், இதைக் குறித்து எங்கள் அபிப்பிராயத்தை வெளிப்படையாகத் தெரிவிப்பது கடமையென்று கருதுகிறோம்.

தமிழ்நாட்டின் கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அந்த முறையை நன்கறிவார்கள். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள் கொண்ட வினாநிரல் ஒன்று. அதை நிரப்பித் தருகிற சில நூறு மாணவர்கள் அல்லது ஆசிரியப் பயிற்சி பெறுவோர். ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்ற பிரிவுகள். இறுதியில், இப்பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்ற முடிவு. ஒரு மாநிலத்தின் நிலையை மேலோட்டமாக அறிவதற்கு இத்தகைய அளவீடுகள் பிரயோஜனப்படும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன்னிடம் திறன் இருப்பதாகச் சொல்வதும், அத்திறன் அதன் கையிலும் கண்ணிலும் பிரத்தியட்சமாக வெளிப்படுவதும் ஒன்றாகா.

எங்கள் மலைப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியும் சாமையும் சுமந்து சந்தைக்குப் போகும் தாயுடன் செல்கிற எட்டாம் வகுப்பு மாணவி, தராசின் முள் நிலைக்கு வரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்து, வியாபாரி கழிவென்று பிடித்தது எவ்வளவு என்பதை மனக்கணக்காகப் போட்டு, காசு குறைந்தால் தாயின் முந்தானையை இழுத்து அவள் காதில் சொல்கிறாள். அதே மாணவியிடம், பிரச்சினைகளை ஆக்கபூர்வமாக அணுகுகிறேன் என்ற வாசகத்தைக் கொடுத்துக் கட்டம் ஒன்றில் குறியிடச் சொன்னால், அவள் சற்றுத் தயங்கி நடுநிலை என்பதில் குறியிட்டுவிடுவாள். மலைப்பகுதி மாணவர்களுக்குச் சிந்தனைத் திறன் குறைவு என்று ஆய்வேடு பிறகு எழுதுமேயானால், அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

எங்கள் ஊரின் பெயரை உலகம் அறிந்தது வானாராய்ச்சியால் என்பதால், அங்கிருந்தே ஓர் உதாரணம் கூற விரும்புகிறோம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் அருகே கடந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அதைக் கவனித்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், கிரகம் நட்சத்திரத்தைத் தொடாத வேளையிலேயே அதன் ஒளி சில விநாடி மங்கி மீண்டதைப் பதிவில் கண்டனர். அதை அவர்கள் ஒரு புதிய துணைக்கோளின் அறிகுறியென்று முதலில் கொண்டனர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்புநோக்கப்பட்டபோது, யுரேனஸைச் சூழ்ந்த வளையங்கள் என்பது துலங்கிற்று. கண்டதைப் புறக்கணியாமல் குறித்துக்கொள்வது, காரணம் தேடுவது, பிறர் கண்டதோடு சேர்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்வது: இன்றைய ஆய்வேடுகள் விமர்சனச் சிந்தனையென்றும் கூட்டுழைப்பென்றும் தனித்தனித் தலைப்பிட்டு அளக்க முயல்கின்ற யாவும் அந்த ஒரு காரியத்தில் ஒருங்கே இயங்கின. ஒரு காரியத்தினூடேதான் திறன் பிறக்கிறது. ஆகவே அந்தக் காரியத்தின் அருகே இருந்துதான் அதை ஆராயவும் முடியும்.

இக்கருத்து புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், 1964 முதல் 1966 வரை ஆலோசித்த கோத்தாரி குழு வற்புறுத்திய தொழில் அநுபவமும் கல்வியைக் கைத்தொழிலோடும் உழைப்போடும் இணைக்கவே முயன்றன. இன்று அதற்கான அவகாசமும் கூடியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டு விதிகளால் எம்.எட். படிப்பு ஈராண்டாயிற்று; எம்.ஃபில். பட்டம் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளால் நிறுத்தப்பட்டது. குறுகிய காலத்தில் அவசரமாக ஓர் ஆய்வை முடித்தாக வேண்டும் என்ற சமாதானம் முன்போல் இனிச் செல்லாது. அதே 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே அரசு திறன் பயிற்சிக்குப் பெரும் முயற்சி எடுத்துவரும் வேளையில், அப்பயிற்சி ஒரு பிள்ளையிடம் எவ்விதம் வேரூன்றுகிறது அல்லது வேரூன்றாமல் போகிறது என்பதைச் சொல்லக்கூடிய ஆராய்ச்சி நாட்டுக்கு அவசியமாகிறது.

ஆகவே எங்கள் நிலை இது. நவீனத் திறன்களைப் பற்றி ஆராய்பவர் ஒரு பருவமேனும் ஒரே பள்ளியில் தங்கி, பாட வேளையிலும் அதற்கு வெளியிலும் பிள்ளைகள் செய்வதைக் கண்டு எழுத வேண்டும். வினாநிரல் அதற்குத் துணையாக நிற்கலாமேயன்றி அதன் ஸ்தானத்தை எடுத்துக்கொள்ளலாகாது. அளக்க வேண்டிய திறன் எது என்பதை நிர்ணயிக்கும்போதே அவ்வகுப்பு ஆசிரியரைக் கலந்துகொள்ள வேண்டும். முடிவுகள் ‘சோத்கங்கா’ என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஆங்கிலத்தில் சேர்ந்துகிடப்பது ஒருபுறமிருக்க, எந்தப் பள்ளி இடங்கொடுத்ததோ அப்பள்ளிக்கு அவற்றின் சாரம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். இதனைப் பல்கலைக்கழகங்கள், சிறப்பாக 2008-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், ஆய்வேட்டை ஏற்பதற்குரிய நிபந்தனையாகவே விதிக்க வேண்டுமென்று கோருகிறோம்.

எங்கள் பங்குக்கு, இம்மலைக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்கள் தங்குவதற்கு இடமும், மலைவாழ் குடும்பங்களோடு பழகுவதற்கு வேண்டிய அறிமுகமும் செய்து தருவோம். ஒரு பிற்பகலில் வினாத்தாள்களை நிரப்பி வாங்கிக்கொண்டு மலையிறங்க மட்டுமே வருபவர்களுக்கு அனுமதி தரவேண்டாமென்று, இவ்வாண்டு முதல் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வோம்.