கூலிக்கு எழுதாத சட்டம்

சயாம் மரண ரயிலில் நம்மவர் செத்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது அவர்கள் தலையெழுத்து" என்று சொல்லுகிறவர்கள் பெரிய முதலியார்சாவடியிலும் இருக்கிறார்கள், மரக்காணத்து உப்பளத்திலும் இருக்கிறார்கள். தலையில் எழுதினவன் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. காகிதத்தில் எழுதாமல் விட்டவர்கள் யார் என்றால் வருஷத்தோடு பதில் சொல்லலாம்.

மலேயா ரப்பர் தோட்டங்களில் கூலிகளாயிருந்தவர்கள், நமது பழைய தென்னார்க்காடு உள்பட தமிழ் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன ஏழைகளே. 1942-இல் மலேயாவைப் பிடித்த ஜப்பான் பட்டாளம், சயாமுக்கும் பர்மாவுக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட இவர்களைக் கொண்டுபோயிற்று. முதலில் ஆசை காட்டிற்று. ஆள் வராதபோது தோட்டம் தோட்டமாய்ப் பிடித்து ஏற்றிற்று. மலேயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் தமிழர்.

அதே பாதையில் பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியச் சிப்பாய்க் கைதிகளும் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களில் மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகளில் மாண்டவரோ 90,000 இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள்! சிப்பாய்க்குப் பெயர் உண்டு, நம்பர் உண்டு, கூடவே சிறைப்பட்ட பட்டாளத்து டாக்டர் உண்டு. இன்று காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லும் உண்டு. காலராவில் விழுந்த கூலியைக் குழியில் தள்ளி மூடினதோடு சரி.

1929-இல் ஜெனிவாவில் எழுதிய ஒப்பந்தம் யுத்தக் கைதிகளுக்கு ஏற்பட்டது. ஜப்பான் கையெழுத்திட்டும் ஊர்ஜிதம் செய்யவில்லை. 1942-இல் அனுசரிப்பதாக வாக்குக் கொடுத்து அதையும் காற்றில் விட்டது. ஆனாலும் கைதிக்கு அந்தக் காகிதமாவது இருந்தது. குடிஜனங்களுக்கு, 1907 ஹேக் விதிகளில் சில வரிகளைத் தவிர, தனி ஒப்பந்தமே இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள்: 1934-இல் செஞ்சிலுவை மகாநாடு அதற்கு ஒரு நகலை ஒப்புக்கொண்டது. எந்த ஊரில்? டோக்கியோவில்! 1940-இல் கூடிச் சட்டமாக்கலாம் என்றார்கள். 1939-இலேயே பீரங்கி முழங்கிவிட்டது.

"ஒப்பந்தம் இருந்தும் 12,000 கைதிகள் சாகவில்லையா?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். திருட்டு நடக்கிறது என்பதற்காகப் பீனல் கோடைக் கொளுத்திவிடச் சொல்வார்களா?

1949 ஆகஸ்டு 12-இல் எழுதிய நான்காவது ஜெனிவா ஒப்பந்தத்தின் 51-ஆவது பிரிவு, பிடிபட்ட நாட்டில் 18 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, மற்றவர்களையும் அந்நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வேலை வாங்கக் கூடாது, நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. இது எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டதல்ல. பிணக்குவியலைப் பார்த்த மனிதர்கள் உட்கார்ந்து வாதாடி எழுதியது.

இந்தியா இதை 1950-இல் ஊர்ஜிதம் செய்து, 1960-இல் சட்டமும் போட்டது. சரி. ஆனால் 1977-இல் வந்த இரண்டாவது கூடுதல் உடன்படிக்கை, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டையிலும் குடிஜனங்களைத் தாக்கக் கூடாது என்கிறது. அதில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. 2009-இல் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய ஜனங்கள்மேல் பீரங்கிக்குண்டு விழுந்தது. ஆள்கொல்லிக் கண்ணிவெடியை விலக்கும் 1997 ஒப்பந்தத்தில் இலங்கைகூட 2017-இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் இல்லை.

தோழர்களே, ஓட்டுக் கேட்டு நம் சாவடிக்கு வரும் கனவான்களிடம் இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள். "அது டெல்லி விஷயம்" என்று நழுவினால், டெல்லிக்குப் போய் அந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் எழுத்து மூலம் போடச் சொல்லுங்கள்.