பல்லை எண்ணுங்கள்!

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குப் பகடையும் கற்பனையும் இருந்தால் போதும். அதில் 1975-ல் வந்து சேர்ந்த கடலடி ஜனங்கள்தான் சஹுவாகின். மனுஷ உருவம், செதில் உடம்பு, வாய் நிறையப் பல். கும்பிடுகிற சாமி, சேகோலா என்ற சுறா! 120 அடிக்குள் எந்தச் சுறா இருந்தாலும் மனசாலேயே உத்தரவு போடுவார்கள்.

அவர்கள் ஆபீஸ் நடைமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. சீனியாரிட்டி லிஸ்ட், இன்டர்வியூ எதுவும் கிடையாது. மேலதிகாரி நாற்காலி வேண்டுமா? அவரைச் சண்டைக்குக் கூப்பிடு. ஜெயித்தால் நாற்காலி. தோற்றால் பென்ஷன்கூட மிச்சமில்லை!

இவர்களின் ஜென்ம விரோதி, கடல் எல்ஃப்கள். எல்ஃப் ஊர் ஒரு மைலுக்குள் இருந்தால், சஹுவாகின் வீட்டில் சில சமயம் அச்சு அசல் எல்ஃப் ஜாடையில் குழந்தை பிறக்கும். பெயர் மலென்டி. அதை வளர்த்து எதிரி ஊருக்கே உளவாளியாக அனுப்பிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலென்டி வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. வந்திருக்கலாம் என்ற பயமே போதும். எல்ஃப்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு, படை வருமுன்பே பாதி தோற்றிருப்பார்கள்.

நம் ஆபீஸிலும் அதே கதைதானே? நாலு பேர் சேர்ந்து இன்க்ரிமென்ட் கேட்கலாம் என்று கிளம்பும்போது, "அவன் மானேஜர் ஆளாச்சே!" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பெஞ்சாகிவிடுவார்கள். இன்க்ரிமென்ட் அம்பேல்!

ஆகவே ஸார், அடுத்த தடவை யாராவது அப்படிக் காதில் ஓதினால், முதலில் ஓதுகிறவர் வாயில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள்.